கழுதை ஒன்றா, இரண்டா?

போன இதழில், கிறிஸ்துமஸுக்கு முன்வரும் அட்வென்ட் ஞாயிறுகள் வருகின்றன, யூதர்கள் எதிர்பார்த்த மீட்பரான மேசியாவைப் பற்றியும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனங்களைப் பற்றியும் கேட்க ஆசைப்படுகிறவர்கள் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். எழுதிவிட்டீர்கள். சில கடிதங்கள் கேள்வியே இல்லாமல் மூன்று பக்கத்துக்குப் பிரசங்கமாக இருந்தன, அவற்றை விட்டுவிட்டேன். மற்றவற்றில் அகப்பட்டவை இங்கே.

எங்கள் சபையில் ‘தீர்க்கதரிசி’ என்கிறோம். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் ‘இறைவாக்கினர்’ என்கிறார்கள். எது சரி?
*வாசகர், நாகர்கோவில்*

எபிரெயத்தில் அந்தச் சொல் ‘நாபி’. அதன் பொருள் தெரிய வேண்டுமானால் யாத்திராகமம் 7-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். மோசேக்கு வாய் திக்கும், பார்வோனிடம் போய்ப் பேச வராது. அப்போது கடவுள் சொல்கிறார்: உன் அண்ணன் ஆரோன் உனக்குத் தீர்க்கதரிசியாக இருப்பான். ஆரோன் எந்த எதிர்காலத்தையும் சொல்லவில்லை. மோசே சொன்னதை எடுத்துப் பேசினான், அவ்வளவுதான். ஆக நாபி என்றால் இன்னொருவருக்காக வாய் திறக்கிறவர். அந்தக் கணக்கில் இறைவாக்கினர் என்ற சொல்தான் பக்கத்தில் வருகிறது.

தீர்க்கதரிசி என்பது அழகான சொல், நான் வளர்ந்ததும் அதைக் கேட்டுத்தான். ஆனால் தீர்க்கமாக, நெடுந்தூரம் காண்கிறவர் என்று அது காதில் விழுந்தவுடன் நம் ஊர் மனசு நேராக ஜாதகத்துக்கும் நாடி ஜோசியத்துக்கும் ஓடிவிடுகிறது. இஸ்ரவேலிலும் அந்த வழக்கம் இல்லாமல் இல்லை. 1 சாமுவேல் 9-இல் சவுல், காணாமல் போன கழுதைகளைத் தேடி அலைந்து கடைசியில் சாமுவேலிடம் குறி கேட்கப் போகிறான், வேலைக்காரன் கையில் காணிக்கையாகக் கால் சேக்கல் வெள்ளி. முன்காலத்தில் இப்படிப்பட்டவரை ஞானதிருஷ்டிக்காரர் என்பார்கள் என்று அந்த இடத்திலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது.

பிறகு வந்தவர்கள் வேறு ரகம். ஆமோஸ் தெக்கோவாவில் ஆடு மேய்த்தவர், காட்டத்திப்பழம் பொறுக்கியவர். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வடக்கே பெத்தேலுக்குப் போய், ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறீர்களே என்று ராஜாவின் கோயிலிலேயே நின்று கத்தினார். இங்கிருந்து ஓடிப்போ என்றான் அங்கிருந்த ஆசாரியன். அதற்கு ஆமோஸ், “நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல” என்கிறார். எனக்கு இது பரம்பரைத் தொழில் இல்லையப்பா என்று அர்த்தம்.

கல்லூரியில் படிக்கும் என் மகன், ஏசாயா 7:14-இல் ‘கன்னிகை’ என்பதே தவறான மொழிபெயர்ப்பு, மத்தேயு ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் தினமும் சண்டை. என்ன பதில் சொல்வது?
*ஒரு தாய், பாளையங்கோட்டை*

முதலில், பையன் பாதி சரி. அதை அவனிடம் ஒப்புக்கொண்டுவிடுங்கள், சண்டை பாதியாகக் குறையும்.

இயேசுவின் பிறப்பைச் சொல்லும்போது மத்தேயு எடுத்துக்காட்டுகிற அந்த வசனம் பிறந்த இடத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ கி.மு. 734. யூதாவின் ராஜா ஆகாஸ் நடுங்கிக்கொண்டிருக்கிறான். வடக்கே இஸ்ரவேல் ராஜா பெக்காவும், தமஸ்குவில் சீரியா ராஜா ரேத்சீனும் சேர்ந்து எருசலேமைப் பிடிக்க வருகிறார்கள். காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல ராஜாவின் இருதயமும் ஜனங்களின் இருதயமும் அசைந்தன என்று எழுதியிருக்கிறது. அப்போது ஏசாயா வந்து, பயப்படாதே, ஓர் இளம்பெண் பிள்ளை பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பேர் வைப்பாள், அந்தப் பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரிகிற வயது வருமுன் உன்னைப் பயமுறுத்துகிற இரண்டு ராஜாக்களின் நாடும் பாழாகும் என்கிறார். இந்தக் கடைசிப் பகுதி 16-ஆம் வசனம். கிறிஸ்துமஸ் ஆராதனையில் 14-ஐ வாசித்து நிறுத்திவிடுவதால் 16 இருப்பதே பலருக்குத் தெரியாது. அப்படியே நடந்தது: தமஸ்கு கி.மு. 732-இல் அசீரியர் கையில் விழுந்தது, பத்து வருஷத்தில் சமாரியாவும் போயிற்று. ஆகாசுக்கு வேண்டியிருந்தது அவன் காலத்துக்கான அடையாளம். எழுநூறு வருஷம் கழித்து ஒரு குழந்தை பிறக்கும் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்குமா?

சரி, சொல்லுக்கு வருவோம். எபிரெயத்தில் இருப்பது ‘அல்மா’, அதாவது மணவயதுப் பெண். கன்னிமையை அழுத்திச் சொல்ல ‘பெதூலா’ என்று வேறு சொல் உண்டு. எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது அல்மாவுக்குப் ‘பார்த்தெனோஸ்’ என்று போட்டார்கள், அது பெரும்பாலும் கன்னியைக் குறிக்கும். போட்டது யார்? யூதர்களேதான், இயேசு பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. மத்தேயு எடுத்து எழுதியது அந்தக் கிரேக்கத்தை. அதனால் ‘ஏமாற்றிவிட்டார்’ என்ற பாதியில் உங்கள் மகன் தப்பு. நம் தமிழ்க் ‘கன்னி’யே கொஞ்சம் இரண்டுங்கெட்டான் சொல்தானே, கல்யாணமாகாத இளம்பெண் என்று பொதுவாகவும் சொல்கிறோம், கறாராகவும் சொல்கிறோம்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். இடது பக்கம் பழைய ஏற்பாட்டு வசனம், வலது பக்கம் அது நிறைவேறிய இடம். பரீட்சைத்தாளில் வரும் ‘பொருத்துக’ மாதிரி. அதை முழுசாக மனப்பாடம் செய்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினவன் நான். அப்புறம் ஒருநாள் ஓசியா 11:1-ஐ வேதத்திலேயே திறந்து படித்தேன். “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்ற பாதிதான், குழந்தை இயேசு எகிப்திலிருந்து திரும்பி வந்ததற்கு மத்தேயு காட்டும் வசனமாக, அட்டவணையில் இருந்தது. முன்பாதி, “இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்.” வரப்போவதைச் சொல்லவே இல்லை, மோசே காலத்தில் நடந்து முடிந்ததைச் சொல்கிறது! கையைத் தூக்கிக் கேட்டேன். உட்கார் என்றார் வாத்தியார். அந்தக் கேள்விக்கு நானே பதில் தேட இருபது வருஷம் ஆயிற்று.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். மத்தேயு வசனங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, ஆகவே இயேசுதான் மேசியா என்ற முடிவுக்கு வந்தவர் இல்லை. இயேசுவை முதலில் நம்பினார், பிறகு தன் ஜனத்தின் வேதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தார். தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டு முதல் அத்தியாயத்தைப் புரட்டுகிறவனுக்கு, அன்றைக்குச் சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வரி திடுக்கென்று நிற்கும் இல்லையா, அந்தமாதிரி. எகிப்துக்குப் போய்த் திரும்பிய குழந்தையில் அவர் முழு இஸ்ரவேலையும் கண்டார். இதை நிரூபணம் என்று எடுத்துக்கொண்டு வாதத்துக்குப் போனால் தோற்போம். நம்பிக்கை கொண்டவன் தன் பழைய புத்தகத்தைப் படித்த விதம் என்று சொன்னால் உங்கள் மகன்கூட உட்கார்ந்து கேட்பான் என்று நினைக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறன்று இயேசு எருசலேமுக்குள் ஏறிவந்தது ஒரு கழுதையா, இரண்டா? மத்தேயு 21:7-இல் கழுதை, குட்டி இரண்டின்மேலும் துணி போட்டார்கள் என்று வருகிறதே?
*வாசகர், திண்டுக்கல்*

மாற்கு, லூக்கா, யோவான் மூன்று பேரிடமும் ஒன்றுதான். மத்தேயுவிடம் மட்டும் இரண்டு. அவர் மனசில் சகரியா 9:9 இருந்தது: ராஜா கழுதையின்மேலும், கழுதைக்குட்டியாகிய மறியின்மேலும் ஏறி வருகிறார். எபிரெயக் கவிதையில் ஒரே விஷயத்தை இரண்டு அடியில் இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். தாலாட்டில் முத்தே என்றும் பவளமே என்றும் அம்மா பாடினால் தொட்டிலில் இரண்டு பிள்ளையா கிடக்கிறது? மத்தேயுவுக்கு அந்த வழக்கம் தெரியாதென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் வசனத்தை எழுத்துக்கு எழுத்து காட்ட ஆசைப்பட்டிருக்கலாம்.

கணக்கை விடுங்கள், கழுதையைப் பாருங்கள். நம் ஊரில் ஒருவனைக் கழுதைமேல் ஏற்றினால் அது அவமானம். அங்கே அப்படி இல்லை. சாலொமோனுக்குப் பட்டம் கட்டப் போனபோது தாவீதின் கோவேறு கழுதைமேல்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். சகரியா அடுத்த வசனத்திலேயே ரதங்களும் குதிரைகளும் யுத்தவில்லும் அற்றுப்போகும் என்கிறார். குதிரை சண்டைக்கு, கழுதை ஊருக்குள் வர. கூட்டம் ஓசன்னா என்று கத்தியது ராஜா வருகிறார் என்றுதான், ஆனால் ராஜா எதில் வருகிறார் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ.

ஒரு பாரசீக ராஜாவை வேதம் மேசியா என்று சொல்கிறதாமே, உண்மையா?
*வாசகர், ஓசூர்*

உண்மை. ஏசாயா 45:1. கோரேசு, சரித்திரப் புத்தகத்தில் சைரஸ். மேசியா என்றால் எண்ணெயால் அபிஷேகம் பெற்றவர், கிரேக்கத்தில் கிறிஸ்து. ராஜாக்கள், ஆசாரியர்கள் எல்லாருக்கும் அந்தப் பட்டம் பொருந்தும். தன்னைக் கொல்லத் துரத்துகிற சவுலைக்கூட தாவீது, கர்த்தர் அபிஷேகம் செய்தவர்மேல் கை வைக்க மாட்டேன் என்று விட்டுவிடுகிறான். கோரேசு கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்து, சிறைப்பட்டுக் கிடந்த யூதர்களை ஊருக்குப் போக விட்டான். இஸ்ரவேலின் கடவுளை அவனுக்குத் தெரியாது, அதையும் ஏசாயாவே அங்கே எழுதியிருக்கிறது. ‘அந்த ஒரே மேசியா’ என்ற எதிர்பார்ப்பு பிற்பாடு, தாவீதின் சிங்காசனம் காலியாகவே கிடந்த நூற்றாண்டுகளில் கெட்டிப்பட்டது. சவக்கடல் ஓரத்துக் கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களை வைத்திருந்தவர்கள் ஒன்றுக்கு இரண்டாக, ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரவேலின் ராஜாவாக ஒருவர் என்று காத்திருந்தார்கள்.

அதே வேதத்தை வைத்துக்கொண்டு யூதர்கள் ஏன் இயேசுவை ஏற்கவில்லை? கண் குருடாகிவிட்டது என்று எங்கள் கூடுகையில் சொன்னார்கள்.
*வாசகர், வேலூர்*

குருடு என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக அவர்களை அடித்தார்கள், ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அதனால் அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று கேட்கலாம்.

1263, பார்சிலோனா. அராகன் நாட்டு ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு பகிரங்க வாதம். ஒரு பக்கம் யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான பாப்லோ கிறிஸ்தியானி. மறுபக்கம் ரபி, அதாவது யூத வேத ஆசிரியர், மோசே பென் நக்மான், நக்மானிதேஸ் என்பார்கள். ரபியின் வாதத்தில் கூர்மையான இடம் எது தெரியுமா? மேசியா வந்தால் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள், இனி யுத்தம் பழக மாட்டார்கள் என்று ஏசாயா சொல்கிறார். இயேசுவின் நாளிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்கக் கொள்ளையும் கொலையுமாகத்தானே இருக்கிறது என்றார். அதோடு ராஜாவையே பார்த்து, உங்கள் வீரர்கள் யுத்தம் பழகுவதை விட்டுவிட்டால் உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம் என்றும் கேட்டார். ராஜா கோபித்துக்கொள்ளாமல் 300 காசு கொடுத்து அனுப்பினார் என்று ரபியே எழுதியிருக்கிறார். ஆனால் அது அதோடு முடியவில்லை. அப்புறம் அவர் நாட்டைவிட்டே போக வேண்டி வந்தது, 1267-இல் முதிர்ந்த வயதில் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் என்ன பதில்? இயேசு ஒருமுறை வந்தார், மறுபடியும் வருவார், ஆக இரண்டு வருகை என்பதுதான். நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயா 61-ஐ வாசிக்கிறார், “கர்த்தருடைய அநுக்கிரக வருஷம்” வரை வாசித்துவிட்டுப் புத்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிடுகிறார். அதே வாக்கியத்தின் மீதி, தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளைப் பற்றியது. அதை வாசிக்கவில்லை. பாதி இப்போது, பாதி பிறகு என்று சபை அதிலிருந்து புரிந்துகொண்டது. நான் அதை நம்புகிறேன். ஆனால் வெளியே இருந்து பார்க்கிற ஒரு யூதருக்கு இது தவணை சொல்வதுபோலத் தெரிந்தால் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நாமும்தானே ஒவ்வொரு ஞாயிறும் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று ஜெபிக்கிறோம். வந்துவிட்ட ராஜ்யத்தை யாராவது வருவதாக என்பார்களா. பவுல் கொரிந்தியருக்குக் கடிதம் எழுதி முடிக்கும்போது கிரேக்கத்துக்கு நடுவே ‘மாரநாதா’ என்று ஓர் அராமிக் சொல்லை அப்படியே விட்டிருக்கிறார். ஆண்டவரே வாரும்.

யூதர்களுக்குச் சூடுபட்ட அனுபவமும் உண்டு. கி.பி. 132-இல் பார் கோக்பா ரோமை எதிர்த்து எழும்பியபோது, அந்தக் காலத்தின் பெரிய ஞானி ரபி அகிபாவே, இவன்தான் மேசியா, யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரம் என்றார். இன்னொரு ரபி அவரிடம், “அகிபா, உன் தாடையில் புல் முளைத்த பிறகும் தாவீதின் குமாரன் வந்திருக்க மாட்டான்” என்றாராம். மூன்றே வருஷத்தில் எல்லாம் முடிந்து யூதேயா சுடுகாடானது. 1666-இல், தன்னை மேசியா என்று சொல்லிக்கொண்ட சப்பத்தாய் செவி என்றொருவர், ஐரோப்பா முழுக்க யூதர்கள் மூட்டை கட்டிக் காத்திருந்தபோது, துருக்கிச் சுல்தானின் மிரட்டலுக்குப் பயந்து இஸ்லாத்தைத் தழுவிவிட்டார். இதையெல்லாம் பார்த்த ஜனம் எவனாவது மேசியா என்றால் உடனே நம்புமா?

கத்தோலிக்க சபை 1965-இல், யூதர்களைக் கடவுள் தள்ளிவிட்ட சபிக்கப்பட்ட ஜனமாகக் காட்டக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டிலேயே எழுதியது. 2001-இல் வத்திக்கானின் விவிலிய ஆணைக்குழு, யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீணானது இல்லை என்றது. நம் கூடுகைகளுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது.

பிறருக்காகப் பாடுபடுகிற கடவுளின் தாசனைப் பற்றிய ஏசாயா 53-ஐ இயேசுவுக்குப் பிறகு கிறிஸ்தவர்களே எழுதிச் சேர்த்தார்கள் என்று நண்பர் சாதிக்கிறார்.
*வாசகர், திருச்சி*

இல்லவே இல்லை. 1947-இல் சவக்கடல் ஓரம் கும்ரான் குகையில் ஆட்டிடையர்கள் கண்டெடுத்த சுருள்களில் ஏசாயா முழுசாக இருக்கிறது. 17 தோல்களைத் தைத்துச் சேர்த்த, ஏழு மீட்டருக்கு மேல் நீளமான சுருள், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 53-ஆம் அதிகாரமும் அதில் இருக்கிறது. அதற்கு முன் நம்மிடம் இருந்த எபிரெய ஏசாயாவைவிட ஏறத்தாழ ஆயிரம் வருஷம் பழையது.

ஆனால் உங்கள் நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அந்தப் பாடுபடுகிற தாசன் யார் என்பது. “நீ என் தாசன், இஸ்ரவேலே” என்கிறது ஏசாயா 49:3, அதனால் 11-ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷி, அடி வாங்குகிற இஸ்ரவேல் ஜனமே அந்தத் தாசன் என்று உரை எழுதினார். அதற்கு வெகுகாலம் முந்தைய அராமிக் உரையோ 52:13-இல் ‘என் தாசனாகிய மேசியா’ என்றே மொழிபெயர்த்தது, பாடுகளை மட்டும் அவர் தலையிலிருந்து இறக்கி மற்றவர்கள் தலையில் வைத்துவிட்டது. அப்போஸ்தலர் நடபடிகள் 8-இல் ஓர் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து இதே பகுதியை வாசித்துக்கொண்டே போகிறார், ஆதிசபை ஊழியரான பிலிப்பு ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்பது: “தீர்க்கதரிசி யாரைக்குறித்து இதைச் சொல்லுகிறார்? தம்மைக்குறித்தோ, வேறொருவரைக்குறித்தோ?” பிலிப்பு அந்த வசனத்திலிருந்து தொடங்கி இயேசுவைச் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, இதுகூடத் தெரியாதா என்று அந்த மந்திரியைக் கேட்டதாக இல்லை.

மத்திய கிழக்கில் நடப்பதையெல்லாம் பார்த்தால் வருகை இந்த வருஷம்தான் என்று யூடியூபில் ஒருவர் தேதியோடு சொல்கிறார்.
*பெயர் வேண்டாம், சென்னை*

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றினவர்கள் தானியேல் 8:14-இன் 2300 நாளை வருஷமாக்கிக் கணக்குப் போட்டு, 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். 23-ஆம் தேதி விடிந்தது. யூத ரபிகளின் பேச்சுகளைத் தொகுத்த தல்மூத் என்ற நூலில் ஒரு ரபி, முடிவைக் கணக்குப் போடுகிறவர்களைச் சபித்தே விடுகிறார், ஏனென்றால் குறித்த நாள் தப்பினவுடன் ஜனங்கள் இனி அவர் வரவே மாட்டார் என்று விட்டுவிடுவார்கள். அந்த நாளைக் குமாரனும் அறியார் என்று மாற்கு 13:32 சொல்கிறது. குமாரனுக்குத் தெரியாதது யூடியூப்காரருக்குத் தெரிகிறதாம். காணிக்கைக்கு ஜிபே எண் கீழே ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடும்.

மேசியாவைப் பற்றி நீங்கள் படித்ததில் மறக்க முடியாதது எது?
*வாசகி, மதுரை*

அதுவும் தல்மூத்தில்தான். ரபி யோசுவா பென் லேவி, பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியாவைச் சந்தித்து, மேசியா எப்போது வருவார் என்று கேட்கிறார். அவரிடமே போய்க் கேள் என்கிறார் எலியா. எங்கே இருக்கிறார்? ரோம் நகரத்து வாசலில். எப்படி அடையாளம் தெரியும்? நோயாளிகளான ஏழைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார், மற்றவர்கள் புண்களின்மேல் போட்ட துணிக்கட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்து ஒரேயடியாகக் கட்டுவார்கள், அவர் மட்டும் ஒன்றை அவிழ்த்து, அதைக் கட்டின பிறகே அடுத்ததை அவிழ்ப்பார். ரபி போய்ப் பார்த்தார், எப்போது வருவீர் என்று கேட்டார். இன்று என்றார் மேசியா. பொழுது போயிற்று, வரவில்லை. ரபி எலியாவிடம் வந்து, என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்று குறைப்பட்டுக்கொண்டார். எலியா சொன்னார்: அவர் சொன்னது சங்கீதத்தில் இருக்கிற ‘இன்று’. “இன்று அவருடைய சத்தத்தைக் கேட்பீர்களாகில்” என்று வருகிறதே, அந்த இன்று.

அந்தக் கட்டு விஷயம்தான் எனக்கு மனசைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஏன் ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார் என்பதற்கு அங்கேயே காரணம் சொல்லியிருக்கிறது: திடீரென்று கூப்பிட்டால், கட்டிக்கொண்டிருந்தேன் என்று தாமதமாகிவிடக் கூடாதாம்.